சட்டம் பயிலச் செல்வோர் கேட்டுப் பெற வேண்டியவை
(அனுப்பர்பாளையத்தில் நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'சட்டக் கல்வியின் சிறப்பு' என்பது. சிறப்பைப் பேசுவதற்கு நாட்டில் ஆட்கள் நிறைய உள்ளனர். அந்தச் சிறப்பை எட்டுவதற்கு எவ்வளவு பணம் வேண்டும், அதனை எவரிடம், எந்த நாளில், எவ்வாறு கேட்டுப் பெறுவது என்று சொல்வதற்குத்தான் ஆட்கள் குறைவு. ஆதலின் தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளத் தலைவரின் இசைவைப் பெற்றுக்கொண்டேன். சட்டக் கல்லூரியில் இடம் தேடுவதையும், அந்த இடத்திற்குரிய உதவித் தொகையைக் கேட்டுப் பெறுவதையும் பற்றியே பேசப் போகிறேன்.

நம் தெருக்களில் மே, ஜூன் மாதங்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். மேல்நிலைத் தேர்வு முடிவு வருகிறது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை ஊரே பாராட்டுகிறது. "இடம் கிடைக்குமா?" என்பதே அப்போது எல்லாருடைய வாயிலும் எழும் வினா. இடம் கிடைத்த பிறகுதான் "பணத்துக்கு என்ன வழி?" என்ற வினா எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வசதி படைத்த வீடுகளில் இவை இரண்டு தனித்தனி வினாக்களாக இருக்கலாம். சனிக்கிழமை தோறும் கூலி வாங்கி ஞாயிற்றுக்கிழமை கடன் அடைக்கும் வீடுகளில் இவை ஒரே வினாதான். எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் அந்த நொடியிலேயே உதவித் தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பதும் தீர்மானம் ஆகிவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே. மற்றவை விளக்கம்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். சட்டம் எதற்கு? பொறியியல் படித்தால் வேலை கிடைக்குமே என்று பெற்றோர் கேட்பது நியாயந்தான். பாபாசாகேப் அம்பேத்கரே 1942ஆம் ஆண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த கோரிக்கை அறிக்கையில், கலையும் சட்டமும் பயில்வதால் நம் மக்களுக்கு விளையும் பயன் பெரிதன்று, அறிவியலும் தொழில்நுட்பமுமே வேண்டும் என்ற கருத்தைத் தெரிவித்தார். தாமே பாரிஸ்டராக இருந்துகொண்டு அவர் அப்படிக் கூறியதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அதை எழுதியபோது, பின்னர் அவர் கையாலேயே உருவான அரசியலமைப்பு இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. பனியன் தொழிலாளி கேட்டுப் பெறக்கூடிய பிராவிடண்ட் பண்டும் இ.எஸ்.ஐ.யும் இல்லை. சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றை நீதிமன்றத்தில் எடுத்து வைக்க நம் வீட்டு வழக்கறிஞர்தான் போதிய அளவில் வரவில்லை. பாத்திரப் பட்டறையில் விரல் இழந்தவருக்கு இழப்பீடு கேட்டு மனு எழுதுவதற்குக்கூட நாம் இன்னும் பிறர் அலுவலகத் திண்ணையில்தான் காத்திருக்கிறோம். சோலையார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் அவர்கள் சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று, மாவட்ட முன்சீபாகப் பணியைத் தொடங்கி, 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். நம் மக்களிலிருந்து அந்த இருக்கையில் அமர்ந்த முதல்வர் அவர். குடியரசு பிறந்து 30 ஆண்டுகள் கழித்தே அது நிகழ்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உதவித் தொகைக்கு வருகிறேன். பிறரிடம் கேட்பது இழிவு என்று நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் அம்பேத்கரின் மாணவப் பருவத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன். அவருடைய அறிவைப் போற்றுகிறோம், படத்திற்கு மாலை சூட்டுகிறோம். அவர் படிப்பதற்கு எத்தனை இடங்களில், எத்தனை முறை, எத்தனை வகையாகப் பணம் கேட்டார் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றபோதே பரோடா அரசர் சயாஜிராவ் கெயிக்வாட் அவருக்கு மாதம் 25 ரூபாய் அளித்துவந்தார். 1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் பரோடா அரசுடன் அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் மூன்றாண்டு பயில மாதம் பதினொன்றரைப் பவுன். பயின்று திரும்பியபின் பத்தாண்டுக் காலம் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். இது தருமமாக வந்த பணமன்று என்பதைக் கவனியுங்கள். விலை பேசி, நிபந்தனை எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. கொலம்பியாவில் படிப்பு முடியும் தறுவாயில் இலண்டனில் தொடர்ந்து பயில அனுமதி வேண்டி எழுதினார். ஓராண்டு நீட்டிப்புக் கிடைத்தது. 1916இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் பட்டத்திற்காகக் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். 1917இல் உதவித் தொகைக்குரிய காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது.

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவோம். அவர் என்ன செய்தார்? புறப்படுவதற்கு முன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி கேட்டார். நான்காண்டுக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற இசைவைப் பெற்றுக்கொண்டே கப்பல் ஏறினார். பணம் இல்லை என்பதற்காக இடத்தையும் இழந்துவிடவில்லை. பரோடாவில் தங்க இடமும் கிடைக்காமல் அவமதிக்கப்பட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சிக்கனமாக வாழ்ந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராசர் உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920 ஜூலையில் மீண்டும் இலண்டன் சென்றார். சேமிப்பு, நன்கொடை, கடன் என்று மூன்றும் கலந்த பணம் அது. பாரிஸ்டர் ஆகி 1923இல் நாடு திரும்பியபோது, வழக்காடுவதற்குரிய சன்னதைப் பெறக்கூட அவர் கையில் பணம் இல்லை. அதே நண்பரே மறுபடியும் உதவினார். சன்னது என்று நம் முன்னோர் சொன்னதுதான் இன்றைய வழக்கறிஞர் பதிவு. அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பின்னாளில் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக அமர்ந்தபோது, நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கென ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் அரசிடம் கேட்டுப் பெற்றார். 1944இல் தொடங்கிய பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித் திட்டமே இன்றும் 'போஸ்ட் மெட்ரிக்' உதவித் தொகை என்ற பெயரில் நடந்துவருகிறது. கேட்டுக் கேட்டுப் படித்த ஒருவர், மற்றவர்கள் அவ்வாறு அலையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடு இன்று எவ்வாறு நடக்கிறது? 2021இல் வெளியான விதிகளின்படி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பட்டியல் சாதி மாணவருக்கு இது உரியது. மத்திய அரசு நூற்றுக்கு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் பணம் தருகின்றன. தகுதியுள்ள மாணவரிடம் சேர்க்கையின்போதே முன்பணமாகக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதற்காக ஃப்ரீஷிப் அட்டை என்னும் ஒரு வழியும் அந்த விதிகளில் வைக்கப்பட்டுள்ளது. கல்லூரி அலுவலகத்தில் எவரும் இதனைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். பணம் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வரும். வந்தவுடன் கல்லூரிக்குச் சேர வேண்டியதைக் கட்டிவிட வேண்டும். வீட்டில் அடகு வைத்த நகை ஒன்று இருக்கும். அதை இந்தப் பணத்தைக் கொண்டு மீட்டுவிட்டு, கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது வேண்டாம். அவ்வாறு செய்தால் மூன்றாம் ஆண்டில் தேர்வு நுழைவுச் சீட்டுக்காகக் கல்லூரி வாயிலில் நிற்க நேரிடும்.

வருமானச் சான்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஊரின் தொழிலே இதில் சிக்கலாகிறது. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய். மாதம் 26 நாள், ஆண்டுக்கு 12 மாதம் என்று பெருக்கினால் ஒருவருக்கு 1,56,000. இருவருக்கும் சேர்த்து 3,12,000. இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. உதவித் தொகை இல்லை. ஆனால் பீஸ் ரேட்டுக்குச் செக்கிங்கும் கைமடியும் செய்வோருக்கு ஆண்டு முழுவதும் 26 நாள் வேலை எங்கே இருக்கிறது? ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்டு, இல்லையேல் வீட்டில் இருப்பு. 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்கின் மீது ஐம்பது விழுக்காடு வரியை நடைமுறைப்படுத்தியபோது, ஏற்றுமதிக்குத் தைக்கும் ஊர்களில் வேலை நாள் எவ்வாறு சுருங்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 200 நாள் மட்டுமே வேலை கிடைத்த குடும்பத்தின் வருமானம் அதே கூலியில் இரண்டு லட்சந்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டில் ஒரு பிள்ளையின் ஐந்தாண்டுப் படிப்பே அடங்கியிருக்கிறது. ஆதலின் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிடப் பார்த்துக்கொண்டு இராதீர்கள். வாரக் கூலிச் சீட்டுகளை ஓர் ஆண்டுக்குச் சேர்த்து வையுங்கள். வேலை செய்த நாட்களைக் கூட்டிக் காட்டுங்கள். குறைத்துச் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை. பொய்ச் சான்று பின்னர் வழக்கறிஞர் பதிவின்போது தலையில் விழும். உள்ளதை உள்ளபடி காட்டத் தாள் வேண்டும் என்கிறேன்.

சாதிச் சான்றிலும் ஒரு செய்தி உண்டு. கொங்குப் பகுதியில் அருந்ததியர் குடும்பங்கள் மிகுதி. பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டில் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சான்றில் சாதிப் பெயர் பொதுவாக எழுதப்பட்டிருந்தால் அந்த ஒதுக்கீட்டைக் கோர இயலாமற் போகலாம். பள்ளிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்பதையும் பதினோராம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். தந்தையின் முதலெழுத்து மாறியிருந்தாலும் பணம் வந்து சேராமல் நிற்கும்.

இப்போது, எந்த வாயில் வழியாக நுழைவது? பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழி. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டுப் படிப்புக்குச் செல்லலாம். பார் கவுன்சில் விதிப்படி நம்மவருக்குக் குறைந்த அளவு 40 விழுக்காடு. நமக்கு அருகில் கோயம்புத்தூரில் மருதமலைச் சாலையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மற்றொன்று, கிளாட் என்ற நாடு தழுவிய நுழைவுத் தேர்வின் வழி. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி, திருச்சிராப்பள்ளி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு அதுவே கதவு. தேர்வு ஆங்கிலத்தில், ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

"பெங்களூருக்கே போகட்டும், பெயர் பெற்ற இடம்" என்று சொல்வோரும் உண்டு. "கோயம்புத்தூரே போதும், வீட்டுச் சோறு" என்போரும் உண்டு. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. உயர் நீதிமன்றத்திலும் பெரிய நிறுவனங்களிலும் பணிபுரிய விழைவோருக்குத் தேசியப் பல்கலைக்கழகம் பெருந்துணை என்பது உண்மை. திருப்பூர் நீதிமன்றத்தில் தொழிலாளர் வழக்கு நடத்த விரும்பும் பிள்ளைக்கு அரசு சட்டக் கல்லூரியில் கிடைக்கும் தமிழும், உள்ளூர் மூத்த வழக்கறிஞர்களின் அறிமுகமும் அதைவிடப் பயன் தரும். ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து அஞ்சித் தேசியப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதி மாணவர்க்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித் திட்டம் ஒன்று உண்டு. அறிவிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் சிலவும் இடம்பெறுகின்றன. அதற்கு வருமான வரம்பு எட்டு லட்சம். கல்விக் கட்டணத்தை ஏற்பதோடு, முதலாண்டு ரூ. 86,000, அடுத்த ஆண்டுகளில் ரூ. 41,000 என்று இதர செலவுக்கும் தொகை வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன 3,12,000 ரூபாய் குடும்பம் இதன் வரம்புக்குள் தாராளமாக அடங்கும். ஒரு நிறுவனத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. ஆதலின் அந்த நிறுவனம் பட்டியலில் உள்ளதா, நிரம்பாத இடம் இருக்கிறதா என்று சேருமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கிளாட் வழியில் ஒரு முள் உண்டு. விண்ணப்பக் கட்டணம் நம்மவருக்கு ரூ. 3,500. அது போகட்டும். தேர்வில் வென்று கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்ட பின், அண்மைக் காலச் சேர்க்கைகளில் ஒதுக்கீட்டுப் பிரிவினர் ரூ. 20,000 செலுத்திப் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. இடம் கிடைத்ததை உறுதிசெய்ய மேலும் ஒரு தொகை. எல்லாம் சில நாள் கெடுவுக்குள். உதவித் தொகை வருவது மாதக் கணக்கில் கழித்து; கதவு மூடுவது நாள் கணக்கில்.

இந்தக் கெடு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பொறியியல் மாணவரைப் பற்றியதாயினும் நமக்கு அப்படியே பொருந்தும். உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த, தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். நம்மைப் போன்ற குடும்பம். 2024இல் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தமக்குரிய கடைசி வாய்ப்பில் வென்று, தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய வேண்டிய தொகை ரூ. 17,500. ஜூன் 24, மாலை ஐந்து மணி கெடு. கெடு முடியச் சிறிது நேரமே இருக்கையில்தான் பணம் திரண்டது. செலுத்தி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போயிற்று. அவர் ஆணையத்திடம் சென்றார், ஜார்க்கண்டில் சட்ட உதவி கேட்டார், அந்த ஆண்டுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார், முடிவில் உச்ச நீதிமன்றம் சென்றார். செப்டம்பர் 30ஆம் நாள், அரசியலமைப்பின் 142ஆம் கூறு அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டு, கூடுதலாக ஓர் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 2021இலும் பம்பாய் ஐ.ஐ.டி. தொடர்பாக இதையொத்த ஓர் ஆணை பிறந்தது. நீதி கிடைத்தது என்று மகிழ்கிறோம். ஆனால் 17,500 ரூபாய்க்காக ஒரு பிள்ளை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அப்படி நடக்க முடியாமல் ஊரோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ!

கெடு தவறும் என்று தெரிந்தால் வாய்ச் சொல்லில் கெஞ்சி நேரத்தைப் போக்காமல், கெடுவுக்கு முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள். பெயர், விண்ணப்ப எண், தரவரிசை, குடும்ப வருமானம், எந்த உதவித் திட்டத்துக்குத் தகுதி, அந்தப் பணம் எப்போது வரக்கூடும், இப்போது எவ்வளவு செலுத்த முடியும், மீதியை எந்தத் தவணைகளில் கட்டுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். வறுமையை விரித்து எழுத வேண்டியதில்லை. சான்றை இணைத்தால் போதும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள், படியை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பிற்காலத்தில் நீதிமன்றம் பார்ப்பது அந்தத் தாளைத்தான். வேறொரு கல்லூரியில் இடமோ கட்டணச் சலுகையோ கிடைத்திருந்தால் அதையும் குறிப்பிடலாம். அதில் தவறு ஏதுமில்லை. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் சேருவோர் ஒரு பள்ளி தரும் தொகையைக் காட்டி மற்றொன்றிடம் கூடுதலாகக் கேட்பது சாதாரண வழக்கம். நம் நாட்டில் அத்தனை இடமில்லை என்றாலும், விடுதிக் கட்டணம், தவணை, நிறுவனம் தானே வைத்திருக்கும் உதவி நிதி ஆகியவற்றில் கேட்டால் இளகும் இடங்கள் உண்டு.

தனியார் கல்லூரிக்குச் செல்வோர் ஒன்றில் விழிப்பாக இருக்க வேண்டும். நிருவாக ஒதுக்கீட்டில் பெற்ற இடத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் பணம் வராது. "உங்களுக்குத்தான் கவர்ன்மெண்ட் பணம் தருமே, இப்போது கையெழுத்துப் போடுங்கள்" என்று இடைத்தரகர் சொல்லுவார். எந்த ஒதுக்கீடு என்று சேர்க்கை ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். மூலச் சான்றுகளைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு சொல். சட்டக் கல்லூரிச் சேர்க்கையின் ஒரு பகுதி உங்கள் பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகும்போதே முடிவாகிவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021இல் வந்தது. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். அந்த வழியில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இலும், மாணவருக்கானது 2024இலும் தொடங்கின. டை கட்டி வேனில் அனுப்புவது பெருமையாகத்தான் இருக்கிறது. வாரக் கூலியில் பாதியை மெட்ரிகுலேஷன் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு இவை அனைத்தையும் இழக்கிறோமே என்பதை ஒரு முறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் குறைவு என்பீர்கள். அதை ஈடுகட்டத்தான் நம் சங்கத்தின் மாலை வகுப்பு இருக்கிறது.

வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். மாலை நேரச் சட்டக் கல்லூரிகளின் காலம் போய்விட்டது. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி பகலில் முழு நேர வகுப்பு. 70 விழுக்காடு வருகை வேண்டும். விடுமுறையில் பவர் டேபிளில் உட்காரலாம். இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வகுப்பில் உறங்குவது ஐந்தாண்டு நடக்காது. இன்னுமொன்று: மேல்நிலைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் பெற்றவர் சட்டப் படிப்பில் சேர முடியாது. இடையில் நின்றுவிட்ட தம்பிகள் முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள்.

சன்னதுக் கட்டணத்துக்கு வருகிறேன் என்றேன். வழக்கறிஞர் சட்டம் 1961இன்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு ரூ. 750, நம்மவருக்கு ரூ. 125. ஆனால் மாநிலப் பார் கவுன்சில்கள் பல பெயர்களில் ரூ. 15,000 முதல் 42,000 வரை வாங்கிவந்தன. அவ்வாறு வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டம் பெற்றும் பதிவுக்குப் பணமில்லாமல் கம்பெனிக் கணக்கு எழுதப் போய்விட்ட அண்ணன்மார் இங்கே இருந்தால், திரும்பி வர இது ஏற்ற காலம்.

முடிவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வெள்ளி விழாவின் நினைவாக முகப்பு வளைவு ஒன்று கட்டலாம் என்று பேச்சு நடப்பதாக அறிகிறேன். வளைவு அழகாகத்தான் இருக்கும். அந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சுழல் நிதியாக ஒதுக்கி வைக்க இயலுமா என்று கேட்கிறேன். மே முதல் ஆகஸ்டு வரை மட்டும் திறந்திருக்கும் நிதி. கலந்தாய்வுக்கும் இடத்தை உறுதிசெய்வதற்கும் வேண்டிய பணத்தை, சான்று பார்த்த அன்றே, வட்டியின்றிக் கொடுக்க வேண்டும். உதவித் தொகை வந்தபின் மாணவர் திருப்பிக் கட்ட வேண்டும். செயற்குழு கூடித் தீர்மானம் போட்டுக் கொடுப்பதென்றால் கெடு முடிந்துவிடும்; ஆகவே தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்திட்டால் போதும் என்று விதி எழுதுங்கள். ஓராண்டில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் கேட்கப் போவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் தொடங்கிவிடலாம். முன்பணத்துக்காக இரண்டு ஆண்டுக் கூலியை எழுதிக் கொடுத்த குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்பதையும் விதியில் சேருங்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் பக்கத்து அறையில் இருப்பேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் மூன்றின் படிகளையும் கொண்டு வாருங்கள். பெயர் மாறியிருப்பவற்றை இன்றே குறித்துக்கொண்டால், திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்றாகவே போய் வந்துவிடலாம்.